பழுப்பேறிய தாளின் ஸ்கேன்: கறை போக வேண்டும், புள்ளி போகக் கூடாது

பழைய தாளை ஸ்கேன் செய்ததும் பிரைட்னஸையும் கான்ட்ராஸ்டையும் ஏற்றிப் பார்ப்பதுதான் பெரும்பாலோர் முதலில் செய்வது. பக்கத்தின் நடு வெளுக்கும், ஓரம் கருகும், கறைக்குள் கிடந்த நாலு வரி கறையோடு சேர்ந்து மொத்தமாகக் கறுத்துவிடும். விடாமல் இன்னும் ஏற்றினால் ஓரமும் வெளுக்கத்தான் செய்யும். ஆனால் அதற்குள் நடுப்பகுதியில் மெல்லிய எழுத்துகளின் காலும் கொம்பும் அறுந்திருக்கும். அந்த இரண்டு ஸ்லைடர்களும் பக்கம் முழுவதற்கும் ஒரே கணக்கைப் போடுகின்றன. கறையோ இடத்துக்கு இடம் மாறுகிறது. சிக்கல் அவ்வளவுதான்.

கீழே வருவது அச்சுத்தாள், தட்டச்சுத் தாள், மைக் கடிதம், பதிவேடு இவற்றுக்கான வேலைமுறை. தாளைப் பளபளவென வெள்ளையாக்குவது இதன் நோக்கம் அல்ல. எழுத்து ஒன்றுகூடச் சிதையாமல் கறையைப் பின்னுக்குத் தள்ளுவதுதான் வேலை. இந்த இரண்டும் மோதும் இடங்கள் வரும். அங்கே தாள் கொஞ்சம் சாம்பலாகவே இருந்துவிட்டுப் போகட்டும்.

கறையின் நிறம் ஏன் முக்கியம்

மரக்கூழை அரைத்துச் செய்த மலிவுத் தாளில் லிக்னின் அப்படியே தங்கியிருக்கும். வெளிச்சமும் காற்றும் பட்டு அது ஆக்சிஜனேற்றம் அடையும்போது, நீல ஒளியை விழுங்கும் சேர்மங்கள் உருவாகின்றன. வெள்ளையில் நீலம் குறைந்தால் கண்ணுக்குத் தெரிவது மஞ்சள், இன்னும் குறைந்தால் பழுப்பு. 19-ஆம் நூற்றாண்டில் பரவிய, படிகாரமும் பைன் பிசினும் சேர்த்துச் செய்யும் முறையில் தாளுக்குள் அமிலமும் சேர்ந்துகொண்டது. அது நாரையே அரிக்கும். காற்று முதலில் தொடுவது ஓரத்தை என்பதால் ஓரம் பெரும்பாலும் நடுவைவிடக் கருத்திருக்கும்.

நீர்க்கறை வேறு வகை. தண்ணீர் தாளில் பரவும்போது சிதைவுப் பொருள்களைக் கரைத்துக்கொண்டு போய், தான் காயும் விளிம்பில் இறக்கிவைக்கிறது. அதனால் கறையின் உட்பகுதி விளிம்பைவிட வெளிறியும் விளிம்பு கருங்கோடாகவும் இருக்கும். இந்த விளிம்புக் கோடுதான் பின்னால் அதிகம் தொல்லை தரும். செம்புள்ளிகள் இரும்புத் துகளாலோ பூஞ்சையாலோ வருபவை. ஒட்டிய செலோடேப் காலப்போக்கில் ஆரஞ்சுப் பழுப்பாகும்.

இவை எல்லாவற்றுக்கும் பொது அம்சம் ஒன்று உண்டு. நீலத்தை மிக அதிகமாக விழுங்கும், பச்சையை ஓரளவு விழுங்கும், சிவப்பை மிகக் குறைவாகவே விழுங்கும். கரிய அச்சு மை மூன்றையும் ஒரே மாதிரி விழுங்கும். கறையையும் எழுத்தையும் பிரிக்க முதல் ஆயுதம் இந்த வேறுபாடுதான். ஆகவே சாம்பல் நிறத்தில் ஸ்கேன் எடுக்கவே கூடாது. எடுத்தால் சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று சேனலும் (நிற அடுக்கும்) கலந்து ஒன்றாகிவிடும், பிறகு பிரிக்க வழியில்லை.

ஸ்கேன் எடுக்கும்போதே முடிய வேண்டியவை

300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 பிக்சல்), 24 பிட் கலர் என்பது குறைந்தபட்சம். 8 பாயிண்டும் அதற்குக் கீழும் உள்ள தமிழ் அச்சுக்கு 400. அடிக்குறிப்பு, அட்டவணை என்று இன்னும் பொடியாக இருந்தால் 600. ஏ4 பக்கம் 300 டிபிஐயில் 2480 × 3508 பிக்சல், சுருக்காமல் சேமித்தால் சுமார் 26 எம்பி. 600 டிபிஐயில் 104 எம்பி. தாள் மிகவும் கருத்திருந்து லெவல்ஸை (கருப்பு, வெள்ளை முனைகளை நகர்த்தும் ஸ்லைடர்களை) பலமாக இழுக்க வேண்டிவரும் என்று தெரிந்தால் 48 பிட்டில் எடுக்கலாம். 8 பிட் சேனலில் குறுகிய பட்டை ஒன்றை 0 (கருப்பு) முதல் 255 (வெள்ளை) வரை விரித்தால் படிப்படியாகக் கோடு விழும், 16 பிட்டில் விழாது.

ஆட்டோ எக்ஸ்போஷர், ஆட்டோ கலர், ஷார்ப்பன், 'பின்னணி நீக்கு' எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள். ஆட்டோ எக்ஸ்போஷர் ஒவ்வொரு பக்கத்துக்கும் வேறு வெள்ளையைத் தேர்ந்தெடுக்கும். 200 பக்கக் கட்டுக்கு ஒரே அமைப்பைப் பயன்படுத்தும் வசதி அதோடு போயிற்று. தாளின் வெள்ளை ஹிஸ்டோகிராம் என்ற மதிப்பு வரைபடத்தில் 235–245 பக்கம் விழ வேண்டும். 255-இல் முட்டி நின்றால் அந்த இடத்தின் தகவல் வெட்டுப்பட்டுவிட்டது என்று பொருள். பக்கத்துக்கு அருகில் ஒரு துண்டு புது வெள்ளைத் தாளையும் ஒரு துண்டு கருப்பு அட்டையையும் வைத்து எடுத்தால், பின்னர் சந்தேகம் வரும்போது தவறு ஸ்கேனருடையதா தாளுடையதா என்று ஒரு நொடியில் தெரியும்.

சேமிப்பு டிஃப். எல்இசட்டபிள்யூ சுருக்கம் இருந்தால் பரவாயில்லை, அதில் இழப்பு கிடையாது. ஜேபெக் வேண்டாம். அது படத்தை 8 × 8 பிக்சல் கட்டங்களாக உடைக்கும். வழக்கமான அமைப்பில் நிறத் தகவலைப் பாதித் தெளிவில்தான் வைத்திருக்கும். நமக்கோ நிறத் தகவல்தான் கைமுதல்.

தாள் மெல்லியதாக இருந்து பின்பக்க எழுத்து ஊடுருவித் தெரிந்தால், பின்னால் ஒரு கருப்பு அட்டையை வைத்து எடுக்க வேண்டும். ஸ்கேனர் மூடியின் உட்புறம் வெள்ளை. தாளைக் கடந்த ஒளி அதில் பட்டுத் திரும்பி வரும் வழியில்தான் பின்பக்க எழுத்தைத் தூக்கிக் காட்டுகிறது. கருப்பு அட்டை அந்த ஒளியை விழுங்கிவிடும். பக்கம் முழுவதும் சற்று இருளும், அதை லெவல்ஸில் சரிசெய்துகொள்ளலாம். ஊடுருவிய எழுத்தை அப்புறம் மென்பொருளில் நீக்குவது படாத பாடு. பத்து நொடி வேலைக்குச் சோம்பல்பட்டு அரை நாளைக் கொடுக்க வேண்டாம்.

சுருங்கி அலையலையாக நிற்கும் தாளுக்குச் சிசிடி வகை ஸ்கேனர் நல்லது. மெல்லிய உடல் கொண்ட சிஐஎஸ் வகையில் குவிய ஆழம் மிகக் குறைவு, கண்ணாடியிலிருந்து ஓரிரு மில்லிமீட்டர் தூக்கினாலே எழுத்து மங்கும். தானாகத் தாள் இழுக்கும் ஏடிஎஃப்பில் பழைய தாளைப் போடாதீர்கள். கிழிவது ஒரு பக்கம் இருக்கட்டும், அந்தக் குறுகிய கண்ணாடிப் பட்டையில் ஒரு தூசி உட்கார்ந்தால் எல்லாப் பக்கத்திலும் மேலிருந்து கீழ்வரை ஒரு கோடு விழும். பழுப்புத் தாள் உதிர்க்கும் தூளே அதற்குப் போதும்.

எண்ணோடு ஒரு பக்கம்

அச்சுத்தாள் ஒன்றை எடுத்துக்கொள்வோம். தொட்ட இடத்தின் நிற மதிப்பைக் காட்டும் ஐட்ராப்பரை வைத்துப் பார்த்தால் நடுப்பகுதித் தாள்: சிவப்பு 236, பச்சை 224, நீலம் 190. நீர்க்கறைக்குள் தாள்: சிவப்பு 188, பச்சை 142, நீலம் 84. நல்ல இடத்தில் எழுத்து: சிவப்பு 62, பச்சை 55, நீலம் 48.

சாதாரணமாகக் கிரேஸ்கேலுக்கு மாற்றினால் தாள் 224-இலிருந்து கறைக்குள் 149-ஆக இறங்கும். அதாவது மூன்றில் ஒரு பங்கு இருட்டு. நீலச் சேனலில் 190-இலிருந்து 84, பாதிக்கும் மேல் போய்விட்டது. சிவப்பில் 236-இலிருந்து 188, ஐந்தில் ஒரு பங்குதான். இப்போது சிவப்புச் சேனலை மட்டும் எடுத்து, 120-க்கு மேல் வெள்ளை, கீழே கருப்பு என்று வெட்டினால், கறைத்தாள் 188 என்பதால் வெள்ளைப் பக்கமும் எழுத்து 62 என்பதால் கருப்புப் பக்கமும் விழும். வேறு எந்த வித்தையும் வேண்டாம். நீலச் சேனலில் அதே 120-இல் வெட்டினால் கறை முழுவதும் கருப்புக் குட்டையாகிவிடும். மிதமான கறை உள்ள பாதிப் பக்கங்கள் இந்தப் படியிலேயே முடிந்துவிடும். இதைச் செய்துபார்க்காமல் நேராகப் பெரிய வடிகட்டிகளுக்குத் தாவுவது வீண்.

கிம்ப் என்ற இலவசப் பட மென்பொருளில் 'கலர்ஸ்' மெனுவில் 'காம்போனென்ட்ஸ்', அதற்குள் 'டீகம்போஸ்'. ஆர்ஜிபி என்று கொடுத்தால் மூன்று சேனலும் தனித்தனி லேயராக வரும். மூன்றையும் மாற்றி மாற்றி ஏற்றி அணைத்துப் பாருங்கள். எந்த மைக்கு எந்தச் சேனல் என்பது அப்போது கண்ணாலேயே தெரிந்துவிடும்.

கருப்பு மைக்கும் நீல மைக்கும் சிவப்புச் சேனல். நீல மை சிவப்பை விழுங்குவதால் அங்கே நன்றாகக் கறுத்துத் தெரியும், கறையோ வெளிறும். இரட்டை லாபம். சிவப்பு மையிலான கையெழுத்துக்கும் முத்திரைக்கும் சிவப்புச் சேனல் எமன். அவை அதில் காணாமலே போய்விடும், பச்சைச் சேனலில்தான் நிற்கும். ஊதா ரப்பர் ஸ்டாம்பும் பச்சையில்தான் கனமாகத் தெரியும். பழுப்பாகிப்போன பழைய இரும்பு மைதான் கஷ்டமானது. கறையும் அதுவும் ஏறக்குறைய ஒரே நிறம். தாள் 214, 186, 128 என்றும் மை 140, 100, 70 என்றும் இருந்தால், சிவப்பில் வித்தியாசம் 74, பச்சையில் 86, நீலத்தில் 58. பச்சை ஜெயிக்கிறது. அதற்குமேல் நிறத்தால் உதவ முடியாது, அடுத்த படிக்குப் போக வேண்டியதுதான்.

கழிப்பதா, வகுப்பதா

மிச்சமிருக்கும் இருட்டை நீக்க, எழுத்தே இல்லாத வெறும் தாள் எப்படி இருந்திருக்கும் என்ற ஒரு பின்னணிப் படத்தை உருவாக்கி, அதைக்கொண்டு மூலத்தைச் சரிசெய்வார்கள். பலர் பின்னணியைக் கழிக்கிறார்கள். அது தப்பு.

கறை என்பது வெளிச்சத்தின் மேல் போட்ட வடிகட்டி போல. வந்த ஒளியில் ஒரு பங்கை அது எடுத்துக்கொள்கிறது, எழுத்தின் மேலும் அதே பங்குதான். நல்ல இடத்தில் தாள் 230, எழுத்து 60 என்றால், கறைக்குள் தாள் 150 ஆகும்போது எழுத்து ஏறத்தாழ 39 ஆகும். கழித்தால் நல்ல இடத்தில் வித்தியாசம் 170, கறைக்குள் 111. கறையின் வடிவத்திலேயே எழுத்து வெளிறிப்போய் நிற்கும். வகுத்தால் 60 ÷ 230 × 255 = 67, 39 ÷ 150 × 255 = 66. இரண்டு இடத்திலும் ஒரே கருமை. கறை இருந்த தடமே தெரியாது.

கிம்ப்பில் செய்வது இப்படி. தேர்ந்த சேனலை ஒரு நகல் லேயராக எடுத்து மேலே வையுங்கள். 'பிளர்' மெனுவில் 'மீடியன் பிளர்'. அதில் ரேடியஸ் 20, பெர்சென்டைல் என்ற ஸ்லைடரை 50-இலிருந்து 80-க்கு ஏற்றுங்கள். மேல் லேயரின் மோடை 'டிவைட்' ஆக்கினால் கீழ் லேயர் மேல் லேயரால் வகுபடும். வேலை முடிந்தது.

அந்த 80 ஏன் என்று தெரிந்துகொள்வது நல்லது. மீடியன் பிளர் ஒவ்வொரு பிக்சலைச் சுற்றியும் ஒரு வட்டத்தை எடுத்து, உள்ளே இருக்கும் மதிப்புகளை வரிசைப்படுத்தி, நடுவில் நிற்பதைத் தேர்ந்தெடுக்கிறது. நெருக்கி அச்சிட்ட பத்தியிலோ தடித்த தலைப்பிலோ வட்டத்தின் பாதிக்கு மேல் எழுத்தாகவே இருந்துவிட்டால், நடுவில் நிற்பது எழுத்தின் கருப்பு. பின்னணியில் எழுத்தின் பேய் உருவம் பதிந்து, வகுத்தபின் தலைப்பு உள்ளே வெளுத்து வெறும் கோட்டுருவமாகும். 80-இல் வைத்தால் வட்டத்தில் ஐந்தில் ஒரு பங்கு தாள் தெரிந்தாலே போதும், பதில் தாளின் மதிப்பாக வரும். 100-க்குக் கொண்டுபோகாதீர்கள், ஒற்றை வெண்துகள் பின்னணியைத் தீர்மானித்துவிடும்.

பெர்சென்டைல் வசதி இல்லாத மென்பொருளில், முதலில் வெளிச்சப் பகுதியை விரிவாக்கும் வடிகட்டியால் எழுத்துகளை மெலியவைத்து மறையச் செய்து, பிறகு பிளர் செய்ய வேண்டும். டைலேட், எரோடு என்ற பெயர்கள் கருப்பைக் குறித்தா வெள்ளையைக் குறித்தா என்பது மென்பொருளுக்கு மென்பொருள் மாறுகிறது. பெயரைப் பார்க்காதீர்கள். எழுத்து மறைந்தால் சரியான வடிகட்டி, எழுத்து கொழுத்தால் மற்றது.

ரேடியஸைத் தீர்மானிப்பதில்தான் கைத்திறன். 10 பாயிண்ட் எழுத்தின் உடல் உயரம் 300 டிபிஐயில் சுமார் 42 பிக்சல். ரேடியஸ் 20 என்றால் வட்டம் அதே அகலம், அதனால் அது வசதியான தொடக்கம். 600 டிபிஐ என்றால் இரட்டிப்பாக்குங்கள். ரேடியஸ் பெரிதானால் கறை விளிம்பை ஒட்டி வெளிர் நிழல் வளையம் விழும். சிறிதானால் தடித்த எழுத்தின் நடு வெளுக்கும்.

இனி நீர்க்கறையின் அந்த விளிம்புக் கோடு. அதன் அகலம் 8, 10 பிக்சல்தான் என்றால், வகுத்தலுக்கு அதுவும் ஓர் எழுத்துக் கோடுதான். மெல்லிய, கரிய, சுற்றிலும் வெளிச்சமான ஒன்று. அதை நீக்காமல் விட்டுவைக்கும், சில சமயம் கூர்மையாக்கியும் காட்டும். இரண்டுக்கும் வித்தியாசம் சொல்லக்கூடியது நிறம் ஒன்றே. அதனால்தான் சேனல் தேர்வு முதலில், வகுத்தல் அடுத்து. வரிசையை மாற்றிக் கிரேஸ்கேல் படத்தில் நேராக வகுத்துவிட்டு, கோடு போகவில்லை என்று ரேடியஸை ஏற்றி இறக்கிக்கொண்டிருப்பதில் பயனில்லை.

படம் உள்ள பக்கத்தில் வகுத்தலைக் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டாதீர்கள். புகைப்படத்தின் அகன்ற கருப்புப் பகுதியையும் இது கறை என்றே எண்ணி வெளுத்துவிடும். மேல் லேயருக்கு ஒரு மாஸ்க் போட்டுப் படங்களையும் தடித்த கட்டங்களையும் மறைத்துவிட்டு வகுக்க வேண்டும்.

வகுத்ததும் லெவல்ஸ். தாள் இப்போது 255-ஐ ஒட்டி, நார்களின் சலசலப்போடு நிற்கும். வெள்ளை முனையை 225–235-க்கு இறக்கினால் சலசலப்பு அடங்கும். கருப்பு முனை 40–50. நடு ஸ்லைடர் 0.85 வாக்கில் வைத்தால் மங்கிய எழுத்து கொஞ்சம் கறுக்கும். பின்பக்க எழுத்து இன்னும் தெரிந்தால் அதன் மதிப்பை ஐட்ராப்பரில் பாருங்கள். அது 195-க்கு மேலும் முன்பக்க எழுத்து 100-க்குக் கீழும் இருந்தால் வெள்ளை முனையை 190-க்கு இறக்கி அதை முழுக்க வெளுத்துவிடலாம். அதற்கு விலையாக மெல்லிய அரைப்புள்ளி, கால்புள்ளி சில போகலாம். எங்கே போயின என்று பார்த்துவிட்டே மேலே நகருங்கள்.

தூசி நீக்கும் பொத்தானும் மெய்யெழுத்தும்

தமிழ் ஆவணத்தில் மிகப் பெரிய சேதம் செய்வது டிஸ்பெக்கிள். சிறு கருப்புத் துணுக்குகளைத் தேடித் துடைப்பது அதன் தொழில். ஆங்கிலத்தில் அதற்கு அஞ்ச வேண்டியவை ஐ, ஜே எழுத்துகளின் தலைப்புள்ளியும் முற்றுப்புள்ளியும்தான். நமக்கு வரிக்கு வரி, சொல்லுக்குச் சொல் புள்ளி இருக்கிறது. 'பல்' என்பது 'பல' ஆகிவிட்டால் வாக்கியம் வேறு பொருளில் ஓடும், தேடினாலும் அகப்படாது.

கணக்கைப் பாருங்கள். 10 பாயிண்ட் அச்சில் 300 டிபிஐயில் ஒரு புள்ளியின் குறுக்களவு 5 அல்லது 6 பிக்சல், பரப்பு 20 முதல் 28. சாதாரணத் தூசி 2 அல்லது 3 பிக்சல், பரப்பு 9-க்குள். இரண்டுக்கும் நடுவே இடைவெளி இருக்கிறது. டிஸ்பெக்கிள் எல்லையை 8 பிக்சல் பரப்பில் நிறுத்தினால் தூசி போகும், புள்ளி நிற்கும். அதே பக்கத்தை 200 டிபிஐயில் எடுத்திருந்தால் புள்ளியும் 3 அல்லது 4 பிக்சல்தான், தூசிக்குப் பக்கத்தில் வந்து நின்றுவிடும். பிறகு எந்த எண்ணைக் கொடுத்தாலும் ஒன்று தூசி தங்கும், இல்லை புள்ளி போகும். 300-க்குக் கீழே போகாதீர்கள் என்பதற்கு உண்மையான காரணம் இதுதான்.

தேய்ந்த அச்செழுத்தில் அடித்த பழைய பக்கங்களில் புள்ளி சிறுத்து, மை பாதிதான் ஏறியிருக்கும். அங்கே டிஸ்பெக்கிளை முழுக்க அணைத்துவிடுங்கள். நாலு தூசி இருந்தால் இருக்கட்டும்.

எதிர்த்திசைப் பிழையும் உண்டு. செம்புள்ளி ஒன்று 'க'வின் தலைக்கு மேல் சரியாக விழுந்து 'க்' ஆகிவிடும். கருப்பு வெள்ளையாக்கிய பிறகு அதையும் அச்சுப் புள்ளியையும் யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. கலரில் பார்த்தால் ஒன்று பழுப்பு, மற்றது கருப்பு. சந்தேகம் வரும் சொல்லுக்கு மூல ஸ்கேனைத் திறந்து பார்ப்பதைத் தவிர வழியில்லை. இகரக் கொக்கியின் வளைவும் ண, ன எழுத்துகளின் சுழியும் அடைந்துபோவது இன்னொரு தொல்லை. அது த்ரெஷோல்டு (கருப்பையும் வெள்ளையையும் பிரிக்கும் வெட்டு எண்) அதிகமாக இருப்பதன் அடையாளம்.

கருப்பு வெள்ளையாக்குவது

இது கட்டாயம் இல்லை. படிக்க மட்டும் என்றால் சுத்தம் செய்த கிரேஸ்கேலே கண்ணுக்கு இதம். கோப்பு சிறிதாக வேண்டும், அச்சிட வேண்டும் என்றால் மட்டும் இந்தப் படி. அதற்குமுன் சாய்வை நிமிர்த்திவிடுங்கள். சாம்பல் நிலையில் நிமிர்த்தினால் விளிம்பு வழுவழுப்பாக இருக்கும், கருப்பு வெள்ளையாக்கிவிட்டு நிமிர்த்தினால் படிக்கட்டு விழும். அதேபோல் 300 டிபிஐ கிரேஸ்கேலை 600-க்குப் பெரிதாக்கிவிட்டு வெட்டினால் எழுத்தின் வளைவு நன்றாக வரும். சாம்பல் விளிம்பில் ஒளிந்திருக்கும் தகவல் அப்போது வீணாவதில்லை. ஸ்கேன் பக்கங்களைச் சீராக்கும் ஸ்கேன்டெய்லர் மென்பொருள் இதைத் தானாகவே செய்கிறது.

நோபுயுகி ஓட்சு 1979-இல் வெளியிட்ட முறை பக்கம் முழுவதற்கும் ஒரே வெட்டு எண்ணைத் தேடித்தரும். வகுத்துச் சமன்செய்த பக்கத்துக்கு அதுவே போதும். கறை இன்னும் மிச்சமிருந்தால் 2000-இல் வந்த சவோலா முறை. ஒவ்வொரு பிக்சலுக்கும் அதைச் சுற்றிய சிறு சதுரச் சன்னலின் சராசரியையும் சிதறலையும் (திட்ட விலக்கத்தையும்) பார்த்துத் தனித்தனியே வெட்டு எண்ணைக் கணக்கிடும். சிதறலை 128-ஆல் வகுத்து, 1 கழித்து, 'கே' என்ற கெழுவால் பெருக்கி, 1 கூட்டி, சராசரியால் பெருக்கினால் வெட்டு எண்.

இந்தக் 'கே'யை என்ன வைப்பது என்பதில்தான் எழுத்து பிழைப்பதும் போவதும். பென்சில் குறிப்பு ஒன்று 185 மதிப்பில் மங்கலாக இருக்கிறது, சுற்றிய சராசரி 240, சிதறல் 18 என்று வைத்துக்கொள்வோம். கே 0.3 என்றால் வெட்டு எண் 178. பென்சில் அதற்கு மேலே இருப்பதால் வெள்ளையாகி மறையும். கே 0.15 என்றால் வெட்டு எண் 209, பென்சில் தப்பிக்கும். ஆனால் அப்போது தாளின் சலசலப்பும் கொஞ்சம் உள்ளே வரும். அச்சுப் பக்கத்துக்கு 0.3, மங்கிய தட்டச்சுக்கும் பென்சிலுக்கும் 0.15 முதல் 0.2. சன்னல் 300 டிபிஐயில் 41 முதல் 61 பிக்சல். ஸ்கேன்டெய்லர் அட்வான்ஸ்டில் இந்த முறை இருக்கிறது, எழுத்தைப் படித்தெடுக்கும் டெசராக்ட் மென்பொருளின் ஐந்தாம் பதிப்பிலும் இருக்கிறது.

ஓசிஆருக்கு (படத்திலிருந்து எழுத்தைப் படித்தெடுக்கும் மென்பொருளுக்கு) கொடுப்பதென்றால் நீங்களே கருப்பு வெள்ளையாக்கித் தராமல், வகுத்துச் சுத்தம் செய்த கிரேஸ்கேலைக் கொடுங்கள். டெசராக்ட் தானே வெட்டிக்கொள்ளும், ஒரு படி இழப்பு மிச்சம். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய 'லை', 'னை', 'றா' வடிவங்கள் உள்ள பக்கத்தில் வரும் பிழைகளுக்குக் கறை மேல் பழி போட வேண்டாம். எவ்வளவு வெளுத்தாலும் அவை தீரா.

முத்திரையும் கையொப்பமும் நிறத்தோடு வேண்டுமென்றால்

அதே வகுத்தலைச் சேனல் பிரிக்காமல் கலர் படத்தின் மேலேயே செய்யலாம். டிவைட் மோடு ஒவ்வொரு சேனலையும் அதனதன் பின்னணியால் வகுக்கும். நீலம் குறைந்த தாள் நீலம் குறைந்த பின்னணியால் வகுபடும்போது மூன்றும் 255-க்கு வந்து தாள் வெள்ளையாகும், சிவப்பு முத்திரை சிவப்பாகவே நிற்கும். நிறப்பட்டை, மெல்லிய அலங்கார வலை அச்சிட்ட பத்திரங்களில் பட்டை பின்னணியோடு போய்விடும், வெளிர் வலையும் லெவல்ஸில் வெளுத்துவிடலாம் என்பதை மறக்கக் கூடாது. சான்றாகக் காட்ட வேண்டிய ஆவணத்துக்குச் சுத்தம் செய்த பிரதியைத் தராதீர்கள். அழித்து எழுதிய தடமும் மையின் வேறுபாடும் அங்கே கறையைப் போலவே நீங்கியிருக்கும்.

கையில் இருப்பது பிடிஎஃப் மட்டும் என்றால்

தாள் போய்விட்டது, மஞ்சள் பிடிஎஃப் மட்டுமே மிச்சம் என்ற நிலைதான் அடிக்கடி வரும். திரையைப் படம் பிடிக்காதீர்கள், பக்கத்தை மறுபடி படமாக ஏற்றுமதியும் செய்யாதீர்கள். பாப்ளர் என்ற இலவசத் தொகுப்பில் உள்ள பிடிஎஃப்இமேஜஸ் என்ற கட்டளை வரிக் கருவியை '-all' என்ற தேர்வோடு ஓட்டினால், உள்ளே புதைந்திருக்கும் படத்தை, அது இருந்த வடிவிலேயே, மறுசுருக்கம் இல்லாமல் வெளியே எடுத்துத்தரும்.

ஜேபெக் என்பதால் சிவப்புச் சேனல் கட்டம் கட்டமாகவும், எழுத்தைச் சுற்றிக் கொசு மொய்த்தது போலவும் தெரியும். 0.5 முதல் 0.7 பிக்சல் வரை மெல்லிய காசியன் பிளர் கொடுத்துவிட்டு வகுத்தால் மொய்ப்பு அடங்கும். அப்படியும் சரிவரவில்லை என்றால் சிவப்பும் பச்சையும் சரிபாதி கலந்த கிரேஸ்கேல் ஒரு சமாதானம். ஷார்ப்பன் செய்யவே வேண்டாம், எழுத்துக்கு முன் கட்டங்கள்தான் கூராகும். போனில் எடுத்த படத்துக்கும் இதே வழிதான். ஒரு மூலை இருண்டிருப்பதும் வகுத்தலுக்குக் கறை மாதிரியே.

கட்டுக்கட்டாக ஓட்டும்போது

ஒரு கட்டில் எல்லாப் பக்கமும் ஒரே தாள் அல்ல. தாள் வகையால் குவியல் பிரித்து, ஒவ்வொரு குவியலிலும் மிக மோசமான பக்கத்தை எடுத்து அமைப்பைத் தீர்மானியுங்கள். நல்ல பக்கத்தில் தீர்மானித்த எண்கள் மோசமான பக்கத்தில் உடையும், மோசமானதில் நின்றவை நல்லதில் பெரும்பாலும் நிற்கும். வேகம் வேண்டுமென்றால் கட்டளை வரியில் இயங்கும் இமேஜ்மேஜிக்கில், பின்னணிப் படத்தை எட்டில் ஒரு பங்காகச் சுருக்கி, அங்கே 5 × 5 சன்னலில் வெளிச்சத்தை விரித்து, லேசாக பிளர் செய்து, பழைய அளவுக்கு ஏற்றி வகுக்கலாம். பல மடங்கு வேகம். ஆனால் கூரான கறை விளிம்பு அந்தச் சுருக்கலில் மழுங்கிவிடும், எனவே நீர்க்கறைக் குவியலை இதில் போடாதீர்கள்.

ஓட்டி முடித்ததும் ஒவ்வொரு குவியலிலும் சில பக்கங்களை 200 சதவீதத்தில் மூலத்தோடு மாற்றி மாற்றிப் பாருங்கள். பார்க்க வேண்டியவை மிகக் கருத்த கறை, மிக மங்கிய வரி, மிகத் தடித்த தலைப்பு, மிகச் சிறிய எழுத்தின் புள்ளி.

கருப்பு வெள்ளைப் பக்கத்தைப் பிடிஎஃப்பில் வைக்க சிசிஐடிடி குரூப் 4 சுருக்கம் பத்திரமானது. ஜேபிக்2 இன்னும் சிறிதாகும், ஆனால் இழப்பில்லா முறையில் மட்டும். இழப்பு முறையில் அது ஒத்த தோற்றமுள்ள எழுத்துகளைத் தேடி, ஒன்றின் உருவத்தையே எல்லா இடத்திலும் ஒட்டும். நகலெடுக்கும் இயந்திரங்கள் சில இப்படி 6-ஐ 8-ஆக மாற்றி அச்சிட்டதை 2013-இல் டேவிட் கிரீசல் வெளிக்கொண்டுவந்தார். ண, ன என்றும் ர, ா என்றும் ஒரு கோட்டு வித்தியாசத்தில் நிற்கும் எழுத்துகளுக்கு அதே கதி நேரலாம், மங்கலாக இல்லாமல் தெளிவாகவே தப்பாக இருக்கும். மூல டிஃப்பைத் தனி அடைவில், எழுத அனுமதி நீக்கி வையுங்கள். சுத்தம் செய்த கோப்பின் பெயரில் சேனல், ரேடியஸ், கே மதிப்பு மூன்றையும் சேர்த்துவிட்டால், பின்னொரு நாள் ஒரே ஒரு பக்கத்தை மட்டும் திரும்பச் செய்ய நேரும்போது மற்றவற்றோடு ஒத்துப்போகும்.